ஆண்டுக்கு ஒரு கப்பல்: அண்டார்டிகா நிலையத்தை ஓட்டுவது யார்?

எதிர்வீட்டுப் பெண் போலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறாள். போன வாரம் மோட்டார் சைக்கிளை எங்கள் கேட் ஓரம் நிறுத்திவிட்டு, “அங்கிள், அண்டார்டிகாவுல ஸ்டேஷன் வெச்சிருக்காங்களே, அங்க விஞ்ஞானிங்க மட்டும்தான் இருப்பாங்களா? சோறு, தண்ணி, டீசல் எல்லாம் யாரு பாக்குறா? என்னை மாதிரி ஆளுக்கு அங்க வேலை இருக்குமா?” என்று கேட்டாள். மழை வரும் போல இருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். முழுப் பதில் இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பனியைப் பார்த்தது ஐஸ் பெட்டிக்குள் மட்டும்தான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் 31 வருஷம் ஸ்டோர் கிராணியாக இருந்தவன். 1982-இல் அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர் ஐ.நா. சபையில் அண்டார்டிகா சில நாடுகளுக்கு மட்டும் சொந்தமாக இருக்கக் கூடாது என்று பேசினார். அதைப் பத்திரிகையில் படித்த நாளிலிருந்து இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் பெங்குவின் படம் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் ‘அந்த நிலையத்து ஸ்டோரில் என்னென்ன இருக்கும்’ என்றுதான் மனம் ஓடும்.

கேள்விக்கு நேரான பதில்: விஞ்ஞானிகள் அங்கே விருந்தாளிகள் மாதிரி. வீட்டை நடத்துகிறவர்கள் டீசல் மெக்கானிக், எலெக்ட்ரீஷன், பிளம்பர், தச்சர், சமையல்காரர், டாக்டர், ரேடியோக்காரர், ஸ்டோர்காரர் ஆகியோர். குளிர்காலத்தில் தங்குகிறவர்களில் பாதிக்கு மேல் பெரும்பாலும் இவர்கள்தான். நம்ம தோட்டத்தில் ‘செம்பனை ஆராய்ச்சிக்கு ஆள் வந்திருக்கிறார்கள்’ என்றால் நாலு பேர் கோட்டு போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்கள் தங்க பங்களா, குளிக்கத் தண்ணீர், போக ஜீப் எல்லாம் வேறு யாரோதான் பார்த்துக்கொள்வார்கள். அதே கதைதான்.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. நமக்கு ஈப்போ அரை மணி நேரத்தில் இருக்கிறது. அவர்களுக்கு ஈப்போ கிடையாது.

அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அந்தக் கண்டத்திலேயே பெரிய நிலையம் அது. கோடையில் ஆயிரம் பேர் வரை இருப்பார்கள். அங்கே கோடை என்றால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. விமானங்கள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து, கிட்டத்தட்ட 3,800 கி.மீ. கடந்து வரும். அதனால் மெக்மர்டோவிலும் தென்துருவத்திலும் கடிகாரம் நியூசிலாந்து நேரம்தான். ஆனால் விமானத்தில் வருவது ஆளும் அவசரப் பொருளும். கனமான சரக்கு எல்லாம் கப்பலில்தான். அது பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு முறை, ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். எண்ணெய்க் கப்பல் ஒன்று, சரக்குக் கப்பல் ஒன்று. அவற்றுக்கு முன்னால் ‘போலார் ஸ்டார்’ என்ற பனியுடைப்புக் கப்பல் கடல் பனியைப் பிளந்து வழி போட்டுக்கொண்டே போகும். 1976-இல் சேவைக்கு வந்த கிழவி அது, இன்னும் உழைக்கிறாள்.

அந்தக் கப்பல் வந்து ஒட்டி நிற்கும் துறையைச் சொல்லாமல் விட முடியாது. பல வருஷங்கள் மெக்மர்டோவில் இருந்த துறையே பனிக்கட்டியால் ஆனது. குளிர்காலத்தில் கடல் தண்ணீரை பம்ப் பண்ணிக் கொஞ்சமாகப் பரப்புவார்கள். அது உறைந்ததும் அதன் மேல் இன்னொரு படலம். தோசைக்கல்லில் மாவை ஊற்றுகிற மாதிரி, படலத்துக்கு மேல் படலம். நடுவில் எஃகுக் கம்பிகளைப் பதித்து, மேலே மண்ணும் சரளையும் கொட்டிவிட்டால் கப்பல் வந்து ஒட்டி நிற்கும், லோரி ஏறி இறங்கும். சிமெண்டை அமெரிக்காவிலிருந்து ஏற்றி வருவதற்குப் பதிலாக அங்கே சும்மா கிடைக்கிற ஒரே பொருளை வைத்தே துறை கட்டியவனுக்கு நிச்சயம் ஸ்டோர்காரன் புத்தி இருந்திருக்கும்.

கப்பல் வந்துவிட்டால் இரவு பகல் பார்க்காமல் ஷிப்ட் போட்டு இறக்குவார்கள். இரவு என்றும் ஒன்று அப்போது கிடையாது, சூரியன் மறையாது. ஒரு வாரத்துக்கும் மேல் வேலை நடக்கும். அந்தக் கப்பலில் என்ன வர வேண்டும் என்ற பட்டியல், அது கரையைத் தொடுவதற்கு ஒரு வருஷத்துக்கும் முன்பே எழுதி முடிந்திருக்கும்.

இதன் பயங்கரம் ஸ்டோரில் வேலை பார்த்தவனுக்குத்தான் முழுசாகப் புரியும். என் கதையையே சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு பீக் சீசன். பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்பில் சீல் போய்விட்டது. ஃபிட்டர் ஓடி வந்து நம்பர் சொன்னான். பின் கார்டை, அதாவது ஒவ்வொரு சாமானின் இருப்பையும் எழுதி வைக்கிற அட்டையை, எடுத்துப் பார்த்தேன், ‘இருப்பு 2’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அலமாரியில் கையை விட்டேன். வெறும் அட்டைப் பெட்டி. இரண்டு வாரம் முன்னால் இரவு ஷிப்டில் யாரோ எடுத்து மாட்டிவிட்டு, கார்டில் எழுதாமல் போயிருக்கிறார்கள். ஈப்போவுக்கு வேன் அனுப்பி, கடை திறந்து, சீல் வந்து சேர ஆறு மணி நேரம். அதற்குள் வாசலில் குலை லோரிகள் ரோடு வரைக்கும் நின்றுவிட்டன. பழம் அடிபட்டு நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். அன்று மானேஜர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. எல்லாம் ஒரு உள்ளங்கை அகல சீலுக்காக, ஆறு மணி நேரத்துக்காக.

தென்துருவத்தில் அந்த ஆறு மணி நேரம் எட்டு மாதத்துக்கு மேல். அங்கே இருக்கும் அமெரிக்காவின் அமுண்ட்சன்-ஸ்காட் நிலையத்திலிருந்து கடைசி விமானம் பிப்ரவரி நடுவில் கிளம்பிவிடும். அடுத்தது அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோதான். நடுவில் நாற்பது சொச்சம் பேர், ஆறு மாத இருட்டு, மைனஸ் 60 டிகிரி சர்வ சாதாரணம். அந்தக் குளிரில் விமானத்தின் ஹைட்ராலிக் எண்ணெய் கெட்டிப்படும், ரப்பர் ஒடியும். ஆகவே பின் கார்டில் ‘2’ என்று இருந்தால் அலமாரியிலும் இரண்டு இருந்தே ஆக வேண்டும். கோடை முடியும்போது அங்கே நடக்கிற ஸ்டோர் கணக்கெடுப்பு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனிச் சுகம்.

தென்துருவத்துக்குச் சரக்கு போகும் வழி இரண்டு. ஒன்று, சக்கரத்தோடு பனிச்சறுக்குப் பலகையும் பூட்டிய எல்.சி.-130 விமானம். நியூயார்க் மாநில விமானக் காவல் படை அதை ஓட்டுகிறது. இன்னொன்று தரை வழி. மெக்மர்டோவிலிருந்து சுமார் 1,600 கி.மீ., பெரிய டிராக்டர்கள் வரிசையாகப் போகும். இதில் என்னை அசத்தியது டீசல் ஏற்றும் விதம். டேங்கர் கிடையாது. வழுவழுப்பான பிளாஸ்டிக் விரிப்பைப் பனியில் போட்டு, அதன் மேல் ராட்சதத் தலையணை போன்ற ரப்பர் பைகளில் எண்ணெயை நிரப்பி இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு பையிலும் சுமார் 11,000 லிட்டர். இரும்பு ஸ்லெட்ஜை விட அது லேசு, பனியில் வழுக்கிக்கொண்டும் போகும். முன்னால் போகும் வண்டி நீண்ட கையில் ரேடாரை நீட்டிப் பனிக்கு அடியில் பிளவு இருக்கிறதா என்று தடவிக்கொண்டே போகும். பிளவு தெரிந்தால் பனியை டோசரில் தள்ளி நிரப்பிவிட்டுத்தான் மேலே நகர்வார்கள். ஒரு வழிப் பயணத்துக்கே வாரக்கணக்கில் ஆகும்.

டீசல் என்றேன், அதிலும் ஒரு சங்கதி. சமையல் எண்ணெய் போத்தலை ஐஸ் பெட்டியில் வைத்தால் வெண்மையாக உறைகிறதல்லவா? சாதாரண டீசலிலும் மெழுகு உண்டு. குளிரில் அது பிரிந்து ஃபில்டரை அடைத்துவிடும். நம் நாட்டிலேயே செம்பனை எண்ணெய் கலந்த டீசல் வந்தபோது, கேமரன் மலை, கெந்திங், குண்டாசாங் பக்கம் கலப்புக் குறைந்ததாகத்தான் அனுப்பினார்கள். அதே பயம்தான். துருவத்தில் போடுவது விமான எரிபொருள் வகை, மைனஸ் 50-க்குக் கீழும் உறையாது. வண்டி நிற்கும் இடத்தில் மின்சார வயர் தொங்கும். என்ஜினைச் சூடாக வைக்க, செல்போனைச் சார்ஜ் போடுகிற மாதிரி வண்டியைப் பிளக்கில் மாட்டி வைப்பார்கள்.

இப்போது இந்தப் பெண்ணுக்கு வேண்டிய இடத்துக்கு வருகிறேன்: ஜெனரேட்டர் அறை. நிலையத்தின் இதயம் அதுதான். ஒன்று ஓடும், ஒன்று தயாராக நிற்கும், ஒன்று பிரித்துப் போட்டுப் பராமரிப்பில் இருக்கும். இதெல்லாம் ஆலையில் நாம் பார்த்ததுதான். ஆனால் நாம் ஆகாயத்துக்கு விடுகிற என்ஜின் சூட்டை அவர்கள் ஒரு சொட்டு விடமாட்டார்கள். ரேடியேட்டர் சூட்டை, உறையாமல் இருக்க கிளைகால் என்ற திரவம் கலந்த தண்ணீர்க் குழாய்களில் சுற்ற விட்டு, அறைகளைச் சூடாக்குவார்கள், குடிக்கத் தண்ணீரும் உருக்குவார்கள். அதாவது ஜெனரேட்டர் நின்றால் விளக்கு மட்டும் போகாது. சூடு போகும், தண்ணீர் போகும், குழாய்கள் உறைந்து வெடிக்கும்.

இது கற்பனை இல்லை. 1982 ஏப்ரலில் சோவியத் யூனியனின் வோஸ்டாக் நிலையத்தில் மின்நிலையக் கட்டடம் எரிந்துபோனது. ஒரு மெக்கானிக் இறந்தார். பூமியிலேயே மிகக் குளிர்ந்த வெப்பநிலையாகத் தரையில் அளக்கப்பட்ட மைனஸ் 89.2 டிகிரி, அடுத்த வருஷம் ஜூலை 21-ஆம் தேதி பதிவானது அங்கேதான். அப்படிப்பட்ட இடத்தில் குளிர்காலம் தொடங்கும்போது மின்நிலையம் சாம்பல். மீதி 20 பேரும் கையில் கிடைத்த இரும்பை வைத்து டீசல் அடுப்பு செய்து, ஒரே கட்டடத்தில் ஒடுங்கி, வசந்தம் வரை தாக்குப் பிடித்தார்கள். 2012 பிப்ரவரியில் பிரேசிலின் கொமாண்டந்தே ஃபெராஸ் நிலையத்திலும் தீ ஜெனரேட்டர் அறையிலிருந்துதான் கிளம்பியது. இரண்டு பேர் இறந்தார்கள், நிலையத்தின் பெரும்பகுதி போனது. புது நிலையம் 2020-இல்தான் திறந்தது.

பனிக்கு நடுவில் தீயா என்று கேட்பவர்களுக்கு: அண்டார்டிகா காற்றில் ஈரமே கிடையாது. மரம், துணி எல்லாம் அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும். காற்று ஓயாது. அணைக்கத் தண்ணீர் கல்லாகக் கிடக்கும். பொம்பா (தீயணைப்புப் படை) வராது. அதனால் சமையல்காரரும் விஞ்ஞானியும் டாக்டரும் சேர்ந்துதான் பொம்பா, எல்லாருக்கும் பயிற்சி உண்டு. தென்துருவ நிலையத்தில் கட்டடத்தின் ஒரு பகுதியை மட்டும் தனி ஜெனரேட்டரோடு அடைத்துக்கொண்டு உயிர் பிழைக்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். கப்பலுக்கு உயிர்காப்புப் படகு எப்படியோ அப்படி.

தண்ணீரைச் சுருக்கமாகச் சொல்லலாம். தென்துருவத்தில் கிணறு இருக்கிறது. பனிக்குள் சுடுதண்ணீரை விட்டு ஆழத்தில் ஒரு குளத்தை உருக்கி, அதிலிருந்து இறைக்கிறார்கள். ரோட்ரிகெஸ் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளரின் யோசனை, அதனால் ‘ராட்வெல்’ என்று பெயர். பல நூறு வருஷத்துக்கு முன் விழுந்த பனியில் காப்பி போடுகிறார்கள்! ஆனால் உருக்குவதற்கு டீசல் வேண்டுமே, அதனால் குளியல் வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு நிமிஷம். இந்தியாவின் மைத்திரி நிலையத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பிரியதர்ஷினி என்ற ஏரி பக்கத்திலேயே இருக்கிறது.

மைத்திரி என்றதும் நம்மவர்கள் சங்கதி. இந்தியாவின் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனியில் புதைந்துபோய் 1990-இல் கைவிடப்பட்டது. 1989-இல் வந்த மைத்திரி பாறை மேல் இருக்கிறது, ஆனால் கடலிலிருந்து சுமார் 100 கி.மீ. உள்ளே. கேப் டவுனிலிருந்து வரும் கப்பல் பனி விளிம்பில் இறக்கிவிட்டுப் போகும். அங்கிருந்து செயின் வண்டிகள் ஸ்லெட்ஜ் பூட்டி டீசலையும் அரிசியையும் நடை நடையாக இழுக்கும். 2012-இல் திறந்த பாரதி நிலையத்தில் இன்னொரு சாமர்த்தியம் செய்தார்கள். சரக்கு வந்த 134 கொள்கலன்களையே அடுக்கிக் கட்டடமாக்கி, மேலே காற்றுக்கு ஏற்ற உறை போட்டுவிட்டார்கள். பேக்கிங்கே வீடு. ஸ்டோர்காரனுக்கு இதைவிட சந்தோஷம் வேறு உண்டா?

சாப்பாடு. பெரும்பாலும் உறைய வைத்தது, டின், காய்ந்தது. பச்சைக் காய்கறிக்கு ஏங்கித் தவிப்பார்கள். ஜெர்மனியின் நியூமாயர் நிலையம் அருகில் 2018-இல் ஒரு கொள்கலனுக்குள் மண்ணே இல்லாமல் செடி வளர்த்து, 12.5 சதுர மீட்டரில் சுமார் 270 கிலோ காய்கறி எடுத்தார்கள். மண் இல்லாமல் என்பதைக் கவனிக்க வேண்டும். 1991-இல் கையெழுத்தான மாட்ரிட் ஒப்பந்தப்படி கிருமி நீக்காத மண்ணை அங்கே கொண்டுபோகக் கூடாது. தொட்டியில் கறிவேப்பிலைச் செடி எடுத்துப் போகலாம் என்ற நினைப்பு வேண்டாம். சாமான் பெட்டிக்குள் திணிக்கிற வெள்ளை தெர்மாகோல் உருண்டைகளுக்கும் தடை, காற்றில் பறந்து எங்கேயாவது பறவை வயிற்றுக்குள் போய்விடும். குப்பையையும் வகை பிரித்து, பெரும்பகுதியை வந்த கப்பலிலேயே திருப்பி ஏற்றுவார்கள்.

நாள் எப்படிப் போகும்? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டுக்களம் தெரியும். விடியற்காலையில் வரிசையில் நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த வேலை என்று தண்டல் பிரித்துக் கொடுப்பார். அங்கேயும் காலையில் கூடி வேலை பிரிப்பது உண்டு, வாரத்தில் பெரும்பாலும் ஆறு நாள் வேலை. வெளியே போகிறவர் பலகையில் தன் பெயர்ச் சீட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போக வேண்டும், குறித்த நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால் தேட ஆள் கிளம்பும். பனிப்புயலில் கை நீட்டினால் கை தெரியாது. கட்டடத்துக்குக் கட்டடம் கயிறு கட்டியிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். கழிவறை கழுவுவது, தரை துடைப்பது முறை வைத்து எல்லாருக்கும் வரும். பேராசிரியருக்கும் வரும். ஆஸ்திரேலிய நிலையங்களில் சமையலறை எடுபிடி முறைக்கு ‘ஸ்லஷி’ என்று பெயர். நிலையத் தலைவரும் அன்று பாத்திரம் கழுவுவார். நம் தோட்டத்து துரை மங்கு கழுவி நான் பார்த்ததில்லை.

டாக்டர் பெரும்பாலும் ஒருவர்தான். ஆஸ்திரேலியாவில் குளிர்காலம் தங்கப் போகும் டாக்டர் தன் குடல்வாலை முன்கூட்டியே எடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏற வேண்டும். இதில் என்ன ஆபத்து என்பதை 1961-இல் நடந்த சம்பவம் காட்டும். மைத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் நோவோலசரெவ்ஸ்கயா நிலையத்தில் லியோனிட் ரோகசோவ் என்ற ரஷ்ய டாக்டருக்கே குடல்வால் வீங்கிவிட்டது. வேறு டாக்டர் இல்லை. ஒரு மெக்கானிக்கும் வானிலைக்காரரும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கருவி எடுத்துக் கொடுக்க, தன் வயிற்றைத் தானே அறுத்து எடுத்தார். பிழைத்துக்கொண்டார். அந்த மெக்கானிக்கின் வேலைப் பத்திரத்தில் ‘அறுவை சிகிச்சைக்கு உதவி’ என்று இருந்திருக்காது. இப்போது ஆஸ்திரேலியர்கள் பிளம்பர், சமையல்காரர் போன்றவர்களுக்கே அறுவை அறை உதவியாளர் பயிற்சி கொடுத்து அனுப்புகிறார்கள்.

கடைசிக் கேள்வி, வேலை. மலேசியாவுக்குச் சொந்த நிலையம் இல்லை. 2011-இல் அண்டார்டிகா உடன்படிக்கையில் சேர்ந்தோம். நம் ஆராய்ச்சியாளர்கள் மற்ற நாடுகளின் நிலையங்களில் இடம் பெற்றுத்தான் போய் வருகிறார்கள். நிலையத்து டெக்னீஷியன் வேலைகள் பெரும்பாலும் அந்தந்த நாட்டுக்காரருக்கு, அல்லது அங்கே வேலை செய்ய உரிமை உள்ளவருக்கு. அதனால் நேர் வழி இல்லை, சுற்று வழி உண்டு. டீசல் என்ஜின், பாய்லர், குளிர்பதனம், வெல்டிங் இவற்றில் நாலைந்து வருஷம் கைப்பழக்கம், ஒன்றுக்கு மேற்பட்ட வேலை தெரிந்திருப்பது, பிறகு அந்த நாடுகளில் ஒன்றில் வேலை உரிமை. டிப்ளோமாவை முடித்ததும் ஆலைக்குப் போ என்றுதான் அவளுக்குச் சொன்னேன். பாய்லர் ஹவுஸில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவளை எவனும் வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

அதோடு ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்திருந்தேன். வீட்டில் நாலு பேர். பத்து மாதம் கடை கிடையாது, பசார் மாலாம் கிடையாது, ஆன்லைன் கிடையாது. ஒரே ஆர்டர் எழுதிக்கொண்டு வா என்றேன். நேற்று சாயந்திரம் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். அரிசி 300 கிலோ, பருப்பு, மைலோ, மிளகாய்த்தூள், பாட்டியின் ரத்தக் கொதிப்பு மாத்திரை, அப்பாவுக்குக் கண்ணாடி ஒரு ஜோடி கூடுதலாக. மோட்டார் சைக்கிளுக்கு ஸ்பார்க் பிளக் நாலு என்று இருந்ததைப் பார்த்ததும் பரவாயில்லை என்று நினைத்தேன். உப்பு இரண்டு கிலோ. ஆளுக்கு நாளைக்கு ஐந்து கிராம் என்றாலே ஆறு கிலோ வேண்டும். சிவப்புப் பேனாவால் திருத்தினேன். அப்புறம் குழாய் வாஷரைத் தேடினேன், இல்லை. கேஸ் அடுப்பு பற்ற வைக்கும் லைட்டரைத் தேடினேன், அதுவும் இல்லை. “ஒரு லைட்டர்தான, வீட்டுல இருக்கு அங்கிள்” என்றாள். எத்தனை இருக்கிறது, எண்ணிப் பார்த்தாயா என்று கேட்டேன். நோட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.